சாரல் விழுந்தால் பிறந்தநாள்

தென்காசியில் நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரையும் சேர்த்து ஆறு பேர். அதில் ஐந்து பேர் பிள்ளைகளிடம் வாய்க்கு வந்ததைச் சொல்வோம். "நாளைக்குப் பாத்துக்கிடலாம்லே", "நல்லாப் படிச்சா மிட்டாய் வாங்கித் தாரேன்", "சேட்டை பண்ணினா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்திருவேன்." சொன்ன அடுத்த நிமிஷம் மறந்தும் போவோம். அதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் கிடையாது. ஆறாவது ஆள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அந்த அம்மா ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒன்றைச் சொன்னால், கலெக்டரிடம் எழுதிக் கொடுத்த மாதிரி.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைக் கேக்காம ஏன் சார் எழுதுனீங்க" என்று எங்கிருந்தாவது வந்து கேட்பார். கேட்கக்கூடிய ஆள்தான். ஆலங்குளம் பக்கத்துக்காரர். முப்பது வயதிருக்கும் அப்போது. குட்டையான உடம்பு, விறுவிறு என்று நடை, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஒரு பம்பரம், நாலைந்து குன்றிமுத்து, ஒரு காலி மருந்து பாட்டில், சிவப்பு நூல்கண்டு, பல் உடைந்த பாதிச் சீப்பு. எல்லாம் யாராவது ஒரு பிள்ளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்ன சாமான். சீப்பு எதற்கு என்று கேட்டேன். தாளைச் சுற்றி ஊதினால் பீப்பீ சத்தம் வரும், அதை ஒரு பயலுக்குக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

ஒருநாள் இன்னொரு பயலிடம், "நாளைக்கு உனக்கு மயிலிறகு கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். லீவு லெட்டர் வந்துவிட்டது. அவர் வகுப்பையும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாலாம் வகுப்புக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். பத்தரை மணிக்கு டீச்சரே வந்து நின்றார். தலையில் துண்டைச் சுற்றியிருந்தார், கண் இரண்டும் சிவந்து கிடந்தது. நேரே அந்தப் பயலிடம் போனார், மயிலிறகைக் கொடுத்தார், திரும்பி நடந்தார். "லெட்டரோட குடுத்து விட்டிருக்கலாம்லா" என்றேன்.

"நான் கொண்டாரேன்னுலா சார் சொன்னேன்" என்றார்.

பிள்ளைகளை மிரட்டவே மாட்டார். நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவருடைய வகுப்பு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தபோது, தட்டிக்கு மேலாக எட்டி, "அடிப்பேன்னு ஒரு அதட்டு அதட்டுங்களேன் டீச்சர்" என்றேன். "அடிப்பேன்னு சொன்னா அடிக்கணும்லா சார். அதுக்கு எனக்கு மனசு வராது. அதான் சொல்லுததில்ல" என்றார். இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறதா என்று எனக்கு ஆகிவிட்டது.

ஹெட்மாஸ்டர் மாட்டிக்கொண்ட கதை இன்னும் வேடிக்கை. போகிற போக்கில் ஒன்றாம் வகுப்புக்குள் தலையை நீட்டி, "எல்லாரும் நாளைக்கு நகம் வெட்டிட்டு வந்தா மத்தியானம் லீவு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் டீச்சர் முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் அவருடைய அறை வாசலில் வரிசையாக நிறுத்தினார். எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எழுபத்தாறு கை. ஹெட்மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், லீவு விட்டார். அதற்குப் பிறகு அந்த வகுப்புப் பக்கம் போனால் வாயைத் திறக்கமாட்டார்.

எனக்கு இதெல்லாம் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். பக்கத்தில் இப்படி ஒரு ஆள் இருந்தால் நம்முடைய வண்டவாளம் நமக்கே தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

இனிதான் குடைத் தாத்தா வருகிறார். மெட்ராஸிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு சிறுவர் பத்திரிகை வரும். டீச்சர் சொந்தக் காசில் சந்தா கட்டியிருந்தார். அதில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு கதை இருக்கும். கதைக்கு மேலே எப்போதும் ஒரே படம்: வெள்ளைத் தாடி வைத்த தாத்தா ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எழுதியவர் பெயர் போடமாட்டார்கள். அதனால் பிள்ளைகளே குடைத் தாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டவே வராது. ஆனால் பத்திரிகை வருகிற நாள் தெரியும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் சிலேட்டுப் பலகையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள்.

கதையை வாசித்துக் காட்டியதோடு டீச்சர் விடமாட்டார். "வாசிச்சது பாதிதான் சார். செஞ்சு பாத்தாத்தான் மீதி" என்பார். ஒரு யானைக்குட்டி தும்மினால் ஊரில் எல்லார் தொப்பியும் பறந்துபோகும் என்று ஒரு கதை. பழைய பேப்பரில் எல்லாருக்கும் தொப்பி செய்து, மாட்டிக்கொண்டு, பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஆனி, ஆடியில் அப்போது மேல்பாதி இல்லாமல் மொட்டையாக நின்ற கோபுரத்து வாசலில் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். உள்ளே போகிறவனை வெளியே தள்ளும். பிள்ளைகள் வாசலில் நின்று ஒரே சத்தமாகத் தும்மினார்கள். முப்பது, நாற்பது தொப்பி கிளம்பித் தெருவெல்லாம் போயிற்று. ஒன்று தேங்காய்க் கடை அண்ணாச்சியின் தராசுத் தட்டில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அப்படியே வியாபாரம் பார்த்தார்.

அந்தத் தொப்பி ஊர்வலம்தான் குடைத் தாத்தாவுக்கு முதல் பிறந்தநாள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை, "குடைத் தாத்தாவுக்கு எப்பப் பொறந்தநாளு?" என்று கேட்டது. டீச்சர் பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். பதில் இல்லை. என்னிடம் யோசனை கேட்டார். எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்த தேதி தெரியும்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தேதியை நாங்கள் போடுவோம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தி ஏதாவது ஒன்று. தென்காசியில் பாதிப் பேர் நான் போட்ட தேதியில் பிறந்தவர்கள்தான். "குடைத் தாத்தாவுக்கும் ஒண்ணு போட்டிருவோம் டீச்சர்" என்றேன்.

"தெரியாதத எப்படி சார் தெரியும்னு சொல்ல?"

பிள்ளைகளிடம் போய், தெரியவில்லை என்றே சொல்லிவிட்டார். "நாமளா ஒரு நாளு வச்சிக்கிடுவமா?" என்று கேட்டார். யாரோ ஒரு வாண்டு, "சாரல் விழுத அன்னைக்கு" என்றது. சரி என்று எல்லாரும் கத்தினார்கள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. அந்த வருஷத்திலிருந்து முதல் சாரல் எந்த நாளில் விழுகிறதோ அந்த நாள்தான் குடைத் தாத்தாவுக்குப் பிறந்தநாள். ஒரு வருஷம் வைகாசிக் கடைசியிலேயே பிறந்துவிட்டார். இன்னொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை பிறந்தார். டீச்சர் பூட்டின பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனார்.

ஒரு வருஷம் எறும்பு வீட்டுக் கல்யாணம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சிட்டிகை பொரியும் வெல்லமும் கொண்டுவந்தார்கள். வேப்பிலையை வாழையிலையாக வரிசையில் போட்டு, இலைக்கு ஒரு பொரி, ஒரு துணுக்கு வெல்லம், நுள்ளின தேங்காய் என்று எறும்புப் புற்றுக்கு முன்னால் பந்தி விரித்தார்கள். அப்புறம் மூச்சுவிடாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் எறும்பு வந்து இலையில் ஏறினபோது போட்ட சத்தத்தில் என் வகுப்பே எழுந்து ஓடிவிட்டது. வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்த நானும் ஓடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது நத்தை ஓட்டம். குடைத் தாத்தா எழுதின கதைகளிலேயே பெரிய கதை அது. ஒரு நத்தை தபால்காரர் கல்யாணப் பத்திரிகை கொண்டுபோவார். அவர் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை பெண்ணுக்குப் பிள்ளையே பிறந்திருக்கும். அதை வைத்து டீச்சர் ஒரு பந்தயம் உண்டாக்கினார். வேப்பமரத்திலிருந்து கிணற்றடி வரைக்கும், முதுகில் பலகையைத் தபால் பையாகச் சுமந்துகொண்டு தவழ்ந்து போக வேண்டும். நிற்கக்கூடாது. ஆனால் கடைசியாக வருகிறவனுக்குத்தான் முதல் பரிசு. ஒரு பயல் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பாதி வழியில் இருந்தான். அவன் அம்மா வந்து, "ஏலே, வீட்டுக்கு வாலே" என்று கூப்பிட்டாள். "வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றான்.

வருஷா வருஷம் இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்ததில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குப் பக்கத்தில் ஒரு வருஷம் டீச்சர் வாயை விட்டார். தேங்காய்க் கடை அண்ணாச்சியின் கடைசி மகள் அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ரெட்டைச் சடை, முன்பல் இல்லை, ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. பிறந்தநாளைப் பற்றி டீச்சர் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "பொறந்தநாளுக்காரவிய வராம நாம மட்டும் எதுக்கு வெல்லம் திங்கணும்?" என்றாள்.

"கூப்பிட்டா வருவாங்கட்டி" என்றார் டீச்சர்.

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பக் கூப்பிடுங்க" என்றாள் அவள். "கூப்பிடுதேன்" என்றார் இவர். அதோடு சங்கதி கைமீறிப் போய்விட்டது. மறுநாள் காலையில் பிரேயர் முடிந்ததும் முதல் கேள்வி, "கூப்பிட்டாச்சா டீச்சர்?" கடிதம் எழுதிப் போட்டாயிற்று. அதற்கு மறுநாள், "வருவாவளா?" பதில் இல்லை. இன்னொரு கடிதம். அதற்கும் பதில் இல்லை.

அந்த வருஷம் சாரல் தாமதம். ஆனி பிறந்து பத்து நாளாகியும் வெயில் கொளுத்தியது. குற்றாலத்தில் லாட்ஜ்காரர்களும் எண்ணெய்க் கடைக்காரர்களும் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய்க் கடை அண்ணாச்சி சாமிக்கு நேர்ந்துகொண்டார். ஊரே சாரல் வரவேண்டும் என்று கும்பிட்டபோது, இன்னும் நாலு நாள் பொறுத்து வரட்டும் என்று கும்பிட்ட ஒரே ஜீவன் எங்கள் டீச்சர்தான்.

எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கோர்ட்டு டவாலி ஒருவர் இருந்தார். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி. "அவர் கையில ஒரு குடையக் குடுத்து உக்கார வச்சிருவோம் டீச்சர். பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போவுது?" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை. "பிள்ளைகளுக்குத் தெரியாதுதான் சார். எனக்குத் தெரியும்லா" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. கதை இருக்கவேண்டிய பக்கத்தில் கதை இல்லை. தாத்தா படத்துக்குக் கீழே இரண்டு வரி மட்டும்: இந்த மாதம் கதை கிடையாது, எழுதுகிறவர் குற்றாலத்துச் சாரலில் நனையப் போயிருக்கிறார். டீச்சர் அதைத் தட்டிக்கு மேலாக என்னிடம் நீட்டினார். மூன்று மைலுக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பினோம். என் மனைவியும் வந்தாள். பேரருவிக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் பூணூல் தண்டிக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் என்னைத் திட்டிவிட்டு நேந்திரங்காய் சிப்ஸ் கடைப் பக்கம் போய்விட்டாள். ஒழுகுகிற இடத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெயோடு நிற்கும்போது ஜட்ஜும் லாரி டிரைவரும் ஒன்றுதான். தாடிக்காரர் யாரும் அங்கே இல்லை. படித்துறையில் இரண்டு தாடிக்காரர்களைக் கண்டுபிடித்துக் கேட்டேன். ஒருவர், "நான் கதை எழுதலைய்யா, பத்திரம் எழுதுதேன்" என்றார். இன்னொருவருக்குக் காது கேட்கவில்லை.

டீச்சர் ஓய்ந்துபோய் ஒரு பாறையில் உட்கார்ந்தார். வெளியூர்ப் பிள்ளைகள் இரண்டு குளிக்கவும் முடியாமல் அழுதுகொண்டு நின்றன. அழுகையை நிறுத்துவதற்காக நான் நத்தைக் கதையை ஆரம்பித்தேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட கதைதானே, பாதிதான் தெரியும். "நத்தை ஒரு இலையில ஏறி ஆத்தைத் தாண்டிச்சு. மூணு நாள் ஆச்சு" என்றேன்.

"மூணு நாள் இல்லீங்க, மூணு மாசம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இலையில போகல. இலை போற திசை வேற. கரையிலேயே சுத்திப் போச்சு."

திரும்பிப் பார்த்தேன். எண்ணெய் வழிய ஒரு பையன். சரி, பையன் என்று சொல்லக்கூடாது, இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "ஒமக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு, "நான்தான் எழுதினேன்" என்றார், ஏதோ திருடினதை ஒப்புக்கொள்கிற மாதிரி.

மெட்ராஸில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாம். சாயங்காலம் கதை எழுதுவாராம். தாத்தா படம் பத்திரிகைக்காரர்கள் போட்டது. டீச்சர் எழுதின கடிதங்கள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. "தாத்தா மாதிரி பதில் எழுத எனக்கு வரலை. அதான் எழுதலை" என்றார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் இன்னும் நடுங்கிவிட்டார். "நான் வந்தா பிள்ளைங்க ஏமாந்துபோவாங்க. எனக்குப் பேசவும் வராது."

"பேச வேண்டாம். கூப்பிட்டா வருவீங்கன்னு சொல்லிட்டேன். கூப்பிடுதேன். வாங்க."

அவர் சிரித்துவிட்டார். "எப்ப வரணும்?"

"சாரல் விழுத அன்னைக்கு."

"எனக்குப் புதன்கிழமை சாயங்காலம் ரயில்."

மூன்று பேரும் மலையைப் பார்த்தோம். ஒரு பொட்டு மேகம் கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவிதான் கேட்டாள், "சின்னப் பிள்ளைககிட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கு எதுக்கு டீச்சர் இம்புட்டு அலைச்சல்?" டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கப்பா கொழும்புக்குப் போகையில தீவாளிக்கு வந்திருவேன்னாங்க. எனக்கு அஞ்சு வயசு. வராததுகூடப் பரவால்லக்கா. தெரியலட்டின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். நான் எத்தன தீவாளிக்கு வாசல்ல நின்னேன் தெரியுமா?" என் மனைவி சிப்ஸ் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள்.

ஞாயிறு வெயில். திங்கள் வெயில். சாரல் பிந்தவேண்டும் என்று கும்பிட்டவர் இப்போது வராந்தாவுக்கும் வகுப்புக்குமாக நடந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் நான் பொறுக்கமாட்டாமல், "இன்னைக்கே வச்சிருவோம் டீச்சர். அவரக் கூட்டியாந்திருதேன். சாரல்னு பிள்ளைகதான சொல்லுச்சு, நீங்க சொல்லலியே" என்றேன்.

"நான் சரின்னேன்லா."

நான் தலையில் அடித்துக்கொண்டு என் வகுப்புக்குப் போனேன். பதினோரு மணி இருக்கும். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. கூரை ஓடு தடதடத்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முற்றத்தில் பொடிப்பொடியாக விழ ஆரம்பித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டுத் தொண்டையும் ஒன்றாகக் கத்தியது, "பொறந்துட்டாவ!"

டீச்சர் தட்டிக்கு மேலே தலையை நீட்டினார். "சார், சைக்கிள்" என்றார். அவ்வளவுதான். நான் வாத்தியார் என்பதையே மறந்து சைக்கிளில் பாய்ந்தேன். எதிர்க்காற்று, முகத்தில் சாரல், போகிற வழியெல்லாம் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து நனைந்துகொண்டு நின்றார்கள். அவர் லாட்ஜ் வாசலில் சட்டை போட்டுத் தயாராக நின்றிருந்தார். கையில் குடை இல்லை. குடைத் தாத்தாவுக்குச் சொந்தமாகக் குடையே கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சொட்டச் சொட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போய் வகுப்பு வாசலில் நிறுத்தினேன். பிள்ளைகள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், தாத்தா எங்கே என்று. டீச்சர், "இவுங்கதான்" என்றார்.

தேங்காய்க் கடை மகள் எழுந்தாள். "இவிய தாத்தா இல்ல" என்றாள். "தாடி இல்ல. குடை இல்ல."

நான் டீச்சர் காதுக்குக் குனிந்து, "பேரன்னு சொல்லிருங்க" என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. "படத்துல இருக்கவிய வேற. கதை எழுதுதது இவுங்கதான். தாத்தா இல்லன்னு எனக்கே சனிக்கிழமைதான் தெரியும்" என்றார். பிள்ளைகள் நம்பவில்லை. ஒரு பயல் உதட்டைப் பிதுக்கி அழத் தயாரானான். அந்த மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சொன்னபடி ஆளைக் கொண்டுவந்தும், சொன்னது பொய்யாகி நிற்கிறது.

"சரி, நத்தை ஓட்டம்" என்றார் டீச்சர்.

எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவரும் பேசாமல் வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, ஈரத்தரையில் முட்டி போட்டார். ஒரு பயல் அவர் முதுகில் பலகையை வைத்தான். பந்தயம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் எல்லாரும் மெதுவாகப் போனார்கள். பிறகு பொறுமை கெட்டு, ஒவ்வொருவராகக் கிணற்றடிக்கு ஓடிப்போய் நின்றார்கள். அவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். ஒரு கையை வைப்பார், தலையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் நீட்டுவார், ஒரு முட்டியை நகர்த்துவார். வழியில் ஒரு புல் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். தேங்காய்க் கடை மகள் அவர் முகத்துக்கு நேரே குத்தவைத்தாள்.

"எங்கன போறிய?"

"கல்யாண வீட்டுக்கு" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல். "தபால் இருக்கு."

"கல்யாணந்தான் முடிஞ்சிட்டே?"

"தெரியும். ஆனா குடுக்கணும்ல."

அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். எழுந்தாள். "இவியதான்" என்று எல்லாருக்கும் சொன்னாள்.

அப்புறம் அங்கே நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. அவர் முதுகில் எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள், வெல்லத்தை யார் யார் வாயில் திணித்தார்கள், அவர் வேட்டியில் எவ்வளவு சேறு என்பதெல்லாம் கணக்கில் அடங்காது. ஹெட்மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் போய்விட்டார். நான் என் வகுப்பையும் அவிழ்த்து விட்டேன். நாற்பது வருஷம் வாத்தியார் உத்தியோகம் பார்த்தேன். அவ்வளவு சிரித்த நாள் இன்னொன்று இல்லை.

அவர் கிளம்பும்போது பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். "அடுத்த வருசம் வருவியளா?" அவர் முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தார். டீச்சர் குறுக்கே கையை நீட்டினார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. சொன்னா நின்னு பாத்துக்கிட்டிருப்பாங்க."

சிரிப்பு நின்றது. அவர் டீச்சரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். மழைத்தண்ணீர் மூக்கிலிருந்து சொட்டியது. "தெரியலையே" என்றார் மெதுவாக. "லீவு கிடைக்குமான்னு தெரியலை."

பிள்ளைகள் அழும் என்று நினைத்தேன். அழவில்லை. "சரி, தெரிஞ்சாச் சொல்லுங்க" என்று தேங்காய்க் கடை மகள் சட்டையை விட்டாள். எல்லாரும் திரும்ப விளையாட ஓடிவிட்டார்கள். நான் இத்தனை வருஷம் எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறேன், அதில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது என்று அப்போது தெரிந்தது. எனக்கு அந்த அம்மாவின் மேல் பொறாமையாக இருந்தது.

மறுநாள் புதன்கிழமை, பள்ளிக்கூடம் விடுவதற்குக் கொஞ்சம் முந்தி, வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். வண்டியில் டிரங்குப் பெட்டி. அவர் இறங்கி வந்து ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. பிள்ளைகள் பலகையிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றார். "வருவேன். லீவு குடுக்கலைன்னாலும் வருவேன்."

"சரி" என்றார்கள் பிள்ளைகள். எழுதிக்கொண்டிருந்ததை மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். அவர் டீச்சரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாக்பீஸைக் கையில் எடுத்தார், எழுதவில்லை. தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து பக்கத்தில் போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அழுதீங்களா?"

நானாக இருந்தால் கண்ணில் சாக்பீஸ் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

"ஆமாட்டி, அழுதேன்" என்றார்.